அண்ணன் மகள்

என் அப்பா என்னைத் தன் மகள் இல்லை என்று சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்தில், அவருடைய கோட்டு நுனி என் கையில் உரசும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

இடம் ஹட்டன் பட்டணம். பிரஜாவுரிமை மனுக்களை விசாரிப்பதற்காக ஒரு மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடந்து, பஸ் பிடித்து, காலை ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். அப்பா, அம்மா, நான், தம்பிகள் இருவர். எங்களைப் போலவே பல தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தீபாவளிக்கு எடுத்த துணியில் இருந்தார்கள். ஆனால் ஒரு முகத்திலும் தீபாவளி இல்லை. நனைந்த கம்பளியும் ஈரக் குடையும் சேர்ந்து ஒரு வாடை. அது இன்றைக்கும் மழை நாளில் எங்காவது பெஞ்சில் உட்கார்ந்தால் மூக்கில் ஏறும்.

அப்பா போட்டிருந்த கோட்டு இரவல். கை நீளம் பற்றாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

"சின்னையா!" என்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள உத்தியோகஸ்தர். அவர் கேட்டதெல்லாம் இங்கிலீசில். பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். அம்மாவுக்கு இருமல் அடங்காததால் பின் பெஞ்சிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நானும் தம்பிகளும் அப்பாவோடு மேசை முன்னால் போய் நின்றோம்.

"உமக்கு எத்தினை பிள்ளையள்?"

"மூணுங்க. பொம்பளப்புள்ள ஒண்ணு, ஆம்பளப்புள்ள ரெண்டு."

"மூத்ததுக்கு என்ன வயது?"

அப்பா மேசையைப் பார்த்தார். மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று என் பிறப்புச் சான்றிதழ். மற்றது தோட்டத்து ஆபீசிலிருந்து வந்த கடிதம். முதல் தாளின்படி எனக்குப் பதினைந்து வயது. இரண்டாவதன்படி பதினெட்டு. உத்தியோகஸ்தர் ஒரு விரலை இதன்மேலும் ஒரு விரலை அதன்மேலும் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

ஒரே பெண்ணுக்கு இரண்டு வயது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அப்பாவை நீங்கள் தவறாக நினைப்பீர்கள். நானே பல காலம் தவறாகத்தான் நினைத்தேன்.

மலையை வைத்து வயசு

எங்கள் லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தத் தகரக்கூரை வீடுகளில், யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. ஆனால் வயசு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். என் அப்பா கவ்வாத்துக்காரர். எந்த மலையை எப்போது வெட்டினோம் என்பது அவருக்கு மனப்பாடம்.

"அழகம்மா, நீ ஏழாம் நம்பர் மலை கவ்வாத்தப்ப பொறந்தவ. ஒந் தம்பி முத்துசாமி ஆத்தோர மலைக்கு. சின்னவன் ராமன் பங்களா மலைக்கு" என்பார். கணக்குப் பிசகாது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாலும் அதே வருடம்தான் வரும். அந்தச் சான்றிதழ்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். டின்னைத் திறந்தால் புகை நெடி அடிக்கும்.

இது வீட்டு வயசு. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பேரேட்டில், வேறொரு வயசு உண்டு. அங்கே பெரியாளுக்கு முழுப்பேர், அதாவது முழுக் கூலி; சின்னாளுக்கு அரைப்பேர். அதனால் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் வயதை ஏற்றிச் சொல்லிப் பேர் பதிந்துவிடுவார்கள். எங்கள் லயத்தில் வயதை ஏற்றாத வீடே கிடையாது. அதைப் பொய் என்று யாரும் நினைக்கவும் இல்லை. பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்குவதுபோல அது ஒரு குடும்பக் காரியம்.

சேலை கட்டிய காலை

அம்மா மாரியாயிக்கு நெஞ்சு நோய் வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் பேர் செக்ரோலிலிருந்து போயிற்று.

அடுத்த வாரமே கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஆட்களின் பேரை எழுதி வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் அவர்தான்.

"சின்னையா, ஒத்தப் பேருக்கு ஒரு காம்பரா குடுக்க முடியாதுப்பா. மேல் லயத்துல கூரை ஒழுகுற குடும்பத்தையும் இதுலயே போடச் சொல்லிட்டாரு கண்டாக்கையா."

கண்டாக்கையா கணக்கப்பிள்ளைக்கு மேலே உள்ள தோட்ட அதிகாரி. காம்பரா என்பது ஒரே அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதில் இருமுகிற அம்மாவோடு நாங்கள் ஐந்து பேர். இன்னொரு குடும்பத்தை எங்கே வைப்பது?

"எம் மக இருக்காளுங்க" என்றார் அப்பா.

"அது பாவாட கட்டுற புள்ள."

"சேல கட்டுனா பெரியாளுதாங்க."

கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குச் சரி என்று அர்த்தம்.

மறுநாள் விடியற்காலையில் பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்கா அம்மாவின் சேலையை எனக்குக் கட்டிவிட்டார். தரையில் புரண்டது. தூக்கிச் செருகி, அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிட்டு, "இப்ப கல்யாணம்கூடப் பண்ணிக் குடுக்கலாம்" என்றார். அம்மா படுத்திருந்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். பனியில் நின்றோம். கணக்கப்பிள்ளைக்கு என்னைப் பிறந்ததிலிருந்து தெரியும். இருந்தாலும் தெரியாதவர்போல, "வயசு?" என்று கேட்டார்.

"பதினாறுங்க" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பதின்மூன்று. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்து, பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வரும். அன்றைக்குக் கூடை நிறையக் கொழுந்தோடு ஒரு பங்கு முற்றல் இலையையும் வேண்டுமென்றே கிள்ளிப் போட்டு நன்றாகத் திட்டு வாங்கினேன்.

காம்பரா மட்டும் எங்களுக்கே நின்றது. அம்மா உயிரோடு இருந்ததும் அதனால்தான். இதை நான் மறுக்க மாட்டேன்.

பெட்டியில் படித்த எழுத்து

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி கொடுத்தார்கள். அதன் இனிப்பு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அப்பா ஒரே ஒரு தடவை வோட்டுப் போட்டிருந்தார். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். பிறகு சட்டம் வந்தது. நீ இந்த நாட்டு ஆள்தான் என்பதை நீயே தாள் காட்டி நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அப்பா பிறந்தது அதே லயத்தில், நான்காவது காம்பராவில். ஆனால் அந்தக் காம்பரா வந்து சாட்சி சொல்லாதே!

அது நாடு வேகமாக முன்னேறுகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். தேயிலை விற்ற பணத்தில் ரோடு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது என்று மேடையில் சொன்னார்கள். பொய் இல்லை, வந்தன. எங்கள் தோட்டத்து ஃபாக்டரிக்குப் புது மெஷின் வந்தது. துரை பங்களாவுக்குக் கரண்டு வந்தது. ராத்திரி ஃபாக்டரி ஜொலிப்பதை லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கோடு உட்கார்ந்து பார்ப்போம். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஃபாக்டரி வாசலில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தோட்டத்துப் பெயர், தூளின் ரகம், போகிற ஊர் எல்லாம் கறுப்பு மையில் இங்கிலீசில் அச்சடித்திருக்கும். நான் இங்கிலீசு எழுத்துக் கூட்டப் பழகியது அந்தப் பெட்டிகளில்தான். இன்ன மலையில் விளைந்தது என்று பெட்டியின்மேல் எழுதினால் உலகம் முழுவதும் நம்புகிறது. அதே மலையில் பிறந்த என் அப்பாவைத்தான் நம்பவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

தாள் இல்லாவிட்டால் வோட்டு இல்லை, அரசாங்க வேலை இல்லை, சொந்தமாக ஒரு துண்டு நிலத்துக்கு வழியில்லை. ஒருநாள் இந்தியாவுக்குக் கப்பலேறு என்று சொன்னால் ஏறத்தான் வேண்டும். அதனால் அப்பா மனுப் போட்டார். தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் எழுதிக்கொடுத்தார். என் வயதை டின்னில் இருந்த சான்றிதழைப் பார்த்துச் சரியாக எழுதினார்கள். அப்போது நான் பாவாடைப் பிள்ளை, செக்ரோலில் என் பேர் இல்லை.

மனு எங்கோ தூங்கியது. அது தூங்கிய காலத்தில்தான் நான் சேலை கட்டிப் பதினாறு ஆனேன். விசாரணைக் கடிதம் வந்து, தோட்டத்து ஆபீசில் எங்கள் விவரம் கேட்டபிறகுதான் கணக்கப்பிள்ளைக்கு உறைத்தது. ஒரு சாயங்காலம் வியர்க்க வியர்க்க வந்தார்.

"சின்னையா, ரெண்டு தாளும் ரெண்டு வயசு சொல்லுது. நீ வயச ஏத்துனேன்னு ஒத்துக்கிட்டியன்னா மொத்த மனுவும் பொய்யின்னு தள்ளிப்போடுவாங்க. தொரைக்குத் தெரிஞ்சா ஏம் வேல போகும், ஒங் காம்பராவும் போகும்."

"அப்ப என்னங்க சொல்றது?"

"மனுவுல இருக்கிற புள்ள செத்துப்போச்சுன்னு சொல்லு. இவ ஒங்க அண்ணன் மகளுன்னு சொல்லு. வளப்புப் புள்ளயின்னு அவளையும் சேத்துக்குவாங்க."

அப்பாவின் அண்ணன் கல்யாணமே ஆகாமல் மண் சரிவில் செத்துப்போனவர்.

அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "பெத்த புள்ளய சாகடிக்கவா பட்டணம் போறீங்க?"

 அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று மேசை முன்னால் போய் நிற்கும்வரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"அப்ப இது ஆர்?"

அந்த மேசைக்கு வருகிறேன்.

அப்பா ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இரவல் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"அந்தப் புள்ள இல்லைங்க" என்றார்.

"இல்லையெண்டால்?"

"செத்துப்போச்சுங்க. காய்ச்சல்ல."

"மூண்டு பிள்ளையள் எண்டு இப்பத்தானே சொன்னீர். அப்ப இது ஆர்?"

"எங்க அண்ணன் மகளுங்க. தாய் தகப்பன் இல்ல. நாங்கதான் வளக்கிறோம். அதான் மூணுன்னு சொல்லிட்டேன். இவளையும் எங்களோடயே சேத்துக்கங்க தொரை."

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொன்னார். உத்தியோகஸ்தர் எழுதினார். அவர் முகத்தில் கடுமை இல்லை, இரக்கமும் இல்லை. அன்றைக்கு எத்தனையோ குடும்பங்களில் நாங்களும் ஒன்று. பேனாவை நிறுத்தி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இவர் உமக்குச் சித்தப்பாவோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா பொய்யர் ஆவார், அம்மாவும் தம்பிகளும் தாள் இல்லாமல் போவார்கள். ஆமாம் என்றால் நான் போவேன். இதெல்லாம் அந்த நிமிடத்தில் தெளிவாகத் தோன்றியது என்று சொன்னால் அது கதை. எனக்குத் தெரிந்தது அப்பாவின் கோட்டு நுனி நடுங்கியது மட்டும்தான்.

"ஆமாங்க" என்றேன்.

"இவளையும் சேப்பாங்களாங்க?" என்று அப்பா கேட்டார்.

"பாப்பம்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அப்பா எனக்கு ஒரு பணிஸும் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். தம்பிகளுக்கு இல்லை, எனக்கு மட்டும். நான் அதைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. என்னை வாசலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். "செத்தேன்னு சொன்னா ஆயுசு கெட்டிடி. பயப்படாத" என்றார். பயந்துபோயிருந்தது அவர்தான்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சோறு போட்டு வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஒங்க சித்தப்பாவ சாப்புடச் சொல்லு" என்பார், அப்பாவின் காதில் விழும்படியாக. முதல் தடவை அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு பழகிக்கொண்டார். ஒரு மழைக்காலம் அல்ல, இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று. எனக்குள் அப்போது ஒரு குரூரமான திருப்தி இருந்தது. அதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

பழுப்பு உறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு பழுப்பு உறையோடு வந்தார். பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டி, "படி" என்றார். எங்கள் வீட்டில் இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ராக்காயி அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. எலும்பும் தோலுமாகிப் படுத்திருந்தவர் கண்ணை மட்டும் என்மேல் வைத்திருந்தார்.

தாளைப் பிரித்தேன். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது, அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. அடியில் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. சின்னையா. மாரியாயி. முத்துசாமி. ராமன்.

மறுபடி பார்த்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"என்னடி போட்டிருக்கு?" அம்மாவின் குரல் எழும்பவே இல்லை.

நான் சத்தமாகப் படித்தேன். "சின்னையா. மாரியாயி. அழகம்மா. முத்துசாமி. ராமன்."

"அழகம்மான்னா போட்டிருக்கு?"

"போட்டிருக்கும்மா."

வாசலில் ராக்காயி அக்கா குலவை போட்டார். அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ படி" என்றார்.

அதேபோல இன்னொரு தடவை படித்தேன். 

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நிக்கிறீங்களே. வந்து இப்புடி ஒக்காருங்க" என்றார். இரண்டு வருடத்தில் அவரோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா போய்ப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்கு அம்மா போய்விட்டார், மகளும் தாளில் இருக்கிறாள் என்ற நிம்மதியோடு. தாளை நான் மடித்துப் பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாலு வரி

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. வீட்டுக்காரர் கந்தையாவும் தாள் இல்லாதவர். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அறுபதுகளின் நடுவில் ஒருநாள் பெரட்டில் ஒரே பரபரப்பு. இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டார்களாம். தாள் இல்லாதவர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரிக்கப் போகிறார்களாம். தேயிலையைத் தரம் பிரிப்பதுபோல எங்களைப் பிரித்தார்கள். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. "தாள் இருக்கா?"

அன்று வேலை முடிந்து நேராக அப்பாவின் காம்பராவுக்குப் போனேன். தம்பிகள் இன்னும் மலையிலிருந்து திரும்பவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டீங்களாப்பா?"

"ம். கந்தையாவுக்குத் தாள் இல்ல. நீங்க அந்தப் பக்கம் போற ஆளுகதான்."

"எனக்குத்தான் இருக்கேப்பா. அவரையும் நிப்பாட்டிக்க முடியுமான்னு கேக்கணும்." பழகிய பொய் தானாக வந்தது.

அப்பா சுண்ணாம்பைக் கீழே வைத்தார். "நாலு வரி தாயி" என்றார்.

நான் முதுகுக் கூடையை இறக்கி வைத்தேன்.

"காலம்பூரா செடி நெரை எண்ணிக் கவ்வாத்து வெட்டுறவன் நான். நாலு எது, அஞ்சு எதுன்னு தெரியாதா? தாள்ல இருந்தது நாலு வரி. நீ படிச்சது அஞ்சு பேரு."

"தெரிஞ்சா, ஏம்பா ரெண்டாந்தடவ படிக்கச் சொன்னீங்க?"

அவர் விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார். 

"ஒம் பேர எங்க வெக்கிறேன்னு கேக்கத்தான். அண்ணன் மகளுன்னா கடைசியிலதானே வெச்சிருப்ப. ஒங்க ஆத்தா பேருக்கு அடுத்தாப்புல, மூத்தவ எடத்துல வெச்ச. வாய் தவறி வந்துருச்சோன்னு நெனச்சேன். அதான் மறுபடி படிக்கச் சொன்னேன். அப்பவும் அங்கதான் வெச்ச."

ஹட்டன் மண்டபத்தில் வராத அழுகை எனக்கு அன்றைக்கு வந்தது.